நாய்க்கு 600, மைனிக்கு 75

நாகர்கோவில்
ஆடி 12

அன்புள்ள தங்கராஜ்,

கடிதம் கிடைத்தது. மழையில் ரப்பர் பால்வெட்டு முடங்கிக் கிடப்பதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிவிட்டு, உண்மையான வெப்ராளத்தைக் கடைசி நாலு வரியில் வைத்திருக்கிறாய். 62 கிலோ எடையுள்ள மைனிக்கு, தைராய்டு குறைவுக்குக் கொடுக்கிற தைராக்சின் மாத்திரை தினம் 75 மைக்ரோகிராம். 30 கிலோ எடையுள்ள உன் நாய் ஜிம்மிக்கு வேளைக்கு 600, அதுவும் நாளுக்கு இரண்டு வேளை. கால்நடை டாக்டர் ஒரு சுழியத்தைக் கூடப் போட்டுவிட்டாரா என்று கேட்கிறாய். மருந்துக்கடைப் பையனும் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டானாம். அவனைக் குறை சொல்லாதே, அவன் செய்தது சரிதான். நாயின் சீட்டு என்று தெரியாமல் இந்த அளவை எடுத்துக் கொடுக்கிறவன்தான் ஆபத்தானவன்.

சுழியம் எதுவும் கூடவில்லை. நாய்க்குத் தொடக்க அளவு கிலோவுக்கு 20 மைக்ரோகிராம், 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை. முப்பதை இருபதால் பெருக்கினால் 600. எவ்வளவு பெரிய நாயானாலும் தொடக்கத்தில் வேளைக்கு 800-ஐத் தாண்டுவதில்லை. மனிதருக்கு, தைராய்டு சுரப்பி அறவே வேலை செய்யாதபோதுகூட, நாள் முழுக்கக் கிலோவுக்கு 1.6 தான். வித்தியாசத்துக்குக் காரணம் இரண்டு. வெறும் வயிற்றில் போட்டால் நம் குடல் மாத்திரையில் 70, 80 சதவீதத்தை இழுத்துக்கொள்ளும். நாயின் குடல் பாதியைக்கூட எடுப்பதில்லை. இரண்டாவது, உள்ளே போன தைராக்சினில் பாதி தீர நமக்கு ஒரு வாரம் ஆகும். நாய்க்கு அரை நாள் போதும். அதனால் மைனி ஒரு நாள் மறந்தால் உடம்புக்குத் தெரியவே தெரியாது, ஜிம்மிக்கு இரண்டு வேளை விட்டுப்போனால் தெரியும். நம் அளவைப் பார்த்துப் பயந்து நாய்க்கு ஒரேயொரு 75 மாத்திரை கொடுத்துவிட்டு, மூன்று மாதம் கழித்து "மருந்து கேட்கவில்லை" என்று நிறுத்துகிறவர்கள் உண்டு.

600-ஐ 100 மாத்திரையாக வாங்கினால் நாளுக்குப் பன்னிரண்டு விழுங்க வேண்டும். 150 ஆக வாங்கினால் வேளைக்கு நாலு; நூறு மாத்திரைக் குப்பி பன்னிரண்டு நாள் வரும். சீட்டில் "நாய், 30 கிலோ, கிலோவுக்கு 20 மைக்ரோகிராம், 12 மணிக்கு ஒரு முறை" என்று டாக்டரையே எழுதித் தரச் சொல். அந்த ஒரு வரி இருந்தால் எந்தக் கடையிலும் கேள்வி வராது.

ஆனால், மக்கா, மாத்திரையை இன்னும் தொடங்காதே. அளவு சரி, வியாதிதான் சரியா என்று எனக்குச் சந்தேகம். ஜிம்மியின் ரத்தம் பார்த்தது மனிதர் லேபில் என்றும், டி4, அதாவது ரத்தத்திலுள்ள தைராக்சின், 2.1, பக்கத்தில் "குறைவு" என்றும் எழுதியிருந்தாய். டி4 மனிதருக்கும் நாய்க்கும் ஒரே பொருள்தான், ஆனால் அளவு வேறு. நமக்கு ஏறக்குறைய 5 முதல் 12 வரை இருக்க வேண்டியது, நாய்க்கு 1 முதல் 4 வரைதான். லேப் கம்ப்யூட்டருக்கு ஜிம்மி நாய் என்று தெரியாது, அது மனித அளவோடு ஒப்பிட்டுக் "குறைவு" என்று அச்சடித்துவிடும். 2.1 நாய்க்கு நடுவில் வருகிற எண். அதே ரத்தச் சீட்டில் டி.எஸ்.எச். 0.01-க்குக் கீழே என்று இருக்கிறதே, அதையும் நம்பாதே. டி.எஸ்.எச். என்பது தைராய்டைத் தூண்டும் ஹார்மோன், தைராக்சின் குறைந்தால் அது ஏறும். அது விலங்குக்கு விலங்கு மாறும் புரதம். மனிதருக்கான பரிசோதனைக் கிட் நாயின் டி.எஸ்.எச்.சைப் பிடிக்காது.

இன்னொன்று, சொறிக்கு ஒரு மாதம் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்ததாகவும் எழுதியிருக்கிறாய். ஸ்டீராய்டு டி4-ஐ இறக்கும். வலிப்புக்குக் கொடுக்கிற பீனோபார்பிட்டாலும், சல்ஃபா மருந்துகளும் இறக்கும். வேறு ஏதாவது நோயில் படுத்திருக்கிற நாய்க்கும் சுரப்பி நன்றாக இருந்தாலே டி4 இறங்கிவிடும். தைராய்டுக் குறைவில் முடி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கொட்டும், வால் எலிவால் மாதிரி ஆகும், தின்னாமலே எடை ஏறும், கூப்பிட்டால் எழுந்து வரச் சோம்பும். ஆனால் சொறியாது. சொறிந்தால் தோலில் கிருமித்தொற்றோ உண்ணியோ வேறு ஏதோ சேர்ந்திருக்கிறது என்று பொருள். ஜிம்மி ராத்திரி முழுக்கச் சொறிகிறது என்கிறாயே!

ஆகவே ஸ்டீராய்டு நின்று சில வாரம் கழியட்டும். நிறுத்துவதையும் டாக்டர் சொல்கிறபடி பையக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும், சட்டென்று விடக் கூடாது. அதன் பிறகு டி4, ஃப்ரீ டி4 (ரத்தப் புரதத்தோடு ஒட்டாமல் தனியே நிற்கும் டி4), நாய்க்கான டி.எஸ்.எச். மூன்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல். திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கே விசாரிக்கலாம். டி4 இறங்கி, நாய் டி.எஸ்.எச். ஏறியிருந்தால் வியாதி உறுதி. உன் மச்சான் வீட்டுச் சிப்பிப்பாறை நாய்க்கும் இதே கதை சொல்கிறார்கள் என்றாய். கிரேஹவுண்ட், சலுகி போன்ற ஒட்டிய வயிற்று ஓட்டநாய்களுக்கு டி4 இயல்பிலேயே கீழே நிற்கும். சிப்பிப்பாறையும் கன்னி நாயும் அந்த வாகுதான். ஒரு டி4 எண்ணை மட்டும் வைத்து அதற்கு ஆயுசுக்கும் மாத்திரை எழுதவிடாதே.

வியாதி உறுதியானால் பயமில்லை, 600-ஐத் தொடங்கு. சோற்றோடு கொடுத்தால் எப்போதும் சோற்றோடு, வெறும் வயிற்றில் என்றால் எப்போதும் வெறும் வயிற்றில். ஒரு நாள் மீன் துண்டுக்குள் வைத்து, மறுநாள் வெறுமனே என்று மாற்றினால் உள்ளே போகிற அளவு தாறுமாறாகும். இரண்டு வாரத்தில் சுறுசுறுப்பு வரும். முடி வர மூன்று நாலு மாதம் பிடிக்கும். முதல் மாதம் பழைய முடி இன்னும் கொட்டும், அதைப் பார்த்துக் கைவிடாதே. மறு ரத்தம் ஆறு வாரத்தில், காலை மாத்திரை கொடுத்து 4 முதல் 6 மணி நேரத்துக்குள். டி4 மேல்பாதியில் நின்றால் அளவு சரி. இளைப்பு, ஓயாத தண்ணீர்த் தாகம், நிலைகொள்ளாமல் அலைவது, எடை இறங்குவது எல்லாம் மாத்திரை கூடிப்போனதற்கு அடையாளம். இதய நோய் உள்ள நாய்க்குக் கால் அளவிலோ அரை அளவிலோதான் தொடங்குவார்கள்.

இனி மைனி. 75 போட்டும் டி.எஸ்.எச். இறங்காமல் 8.9, டாக்டர் 100 ஆக்கலாம் என்கிறார். ஆக்குவதற்கு முன்னால் மைனியின் காலைப்பொழுதை ஒரு நாள் கவனி. உன் வீட்டில் ஐந்தரைக்குப் பாலில்லாத கட்டங்காப்பி அடுப்பில் ஏறுவது எனக்குத் தெரியும். மாத்திரையைக் கட்டங்காப்பியில் விழுங்குகிறாளா? அப்படியானால் ஒரு பகுதி வீண். பச்சைத்தண்ணீரில் விழுங்கி, காப்பிக்கும் பலகாரத்துக்கும் அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும். மூட்டு வலிக்குச் சுண்ணாம்புச்சத்து மாத்திரை, ரத்தக்குறைவுக்கு இரும்புச்சத்து மாத்திரை, இரண்டும் காலைப் பலகாரத்தோடு சாப்பிடுவதாக எழுதியிருந்தாய். முதல் சந்தேகம் அங்கேதான். இரண்டும் தைராக்சினைக் குடலிலேயே கட்டிப்போட்டுவிடும். நாலு மணி நேர இடைவெளி வேண்டும். சுண்ணாம்பை மத்தியானச் சோற்றோடும், இரும்பை ராத்திரிக்கும் தள்ளிவிடு. வயிற்றெரிச்சலுக்குத் தினமும் மாத்திரை சாப்பிட்டால் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும், அமிலம் குறைந்தால் தைராக்சின் கரைவதும் குறையும்.

காலையில் தோதுப்படவில்லை என்றால் ராத்திரி போடலாம், சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். தூத்தூரிலிருந்து வாரக்கணக்கில் ஆழ்கடல் போகிறவர்களுக்கு இதுதான் வசதி. உன் தோட்டத்தில் பால்வெட்ட வருகிறவர்களுக்குக் கேள்வியே இல்லை. விடியுமுன் எழுகிறார்கள், அப்போதே தண்ணீரில் போட்டுவிட்டுப் போனால் வேலை முடிந்து பலகாரம் சாப்பிடும்போது நேரம் தாராளம்.

குப்பியை எங்கே வைத்திருக்கிறாய்? அடுப்படி ஜன்னலில் என்றால் மாற்று. வெயில், ஆவி, ஈரம் மூன்றும் மாத்திரையின் வீரியத்தைத் தின்னும். ஆடி மாதத்தில் உங்கள் குலசேகரத்து ஈரத்தைச் சொல்லவா வேண்டும். மூடியை இறுக்கி மூடி, உள்ளே இருக்கிற ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தைத் தூக்கி எறியாமல், படுக்கையறை அலமாரியில் வை. ஒரு மாத மாத்திரையை மொத்தமாக டப்பாவில் கொட்டி வைப்பதும் வேண்டாம். குப்பி வாங்கும்போது எண்ணை உரக்கப் படித்துப் பார். 12.5-ம் உண்டு, 125-ம் உண்டு. நடுவில் ஒரு புள்ளிதான், பத்து மடங்கு வித்தியாசம். சில சீட்டில் 0.1 மில்லிகிராம் என்று எழுதுவார்கள், அது 100 மைக்ரோகிராம். தைராக்சினையே வெவ்வேறு கம்பெனி விற்கிற பெயர்கள்தான் தைரோநார்மும் எல்ட்ராக்சினும்; ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாறினால் தப்பில்லை, ஆனால் ஆறு வாரத்தில் ரத்தம் பார்க்க வேண்டும். மாதத்துக்கு ஒரு கம்பெனி என்று மாறிக்கொண்டே இருப்பதுதான் தப்பு.

இவ்வளவையும் சரி செய்து, அதே 75-ஐ ஆறிலிருந்து எட்டு வாரம் போட்டுப் பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேள். அதற்கு முன் பார்த்தால் டி.எஸ்.எச். பழைய கணக்கையே சொல்லிக்கொண்டிருக்கும். அப்போதும் ஏறியே நின்றால் கூட்டட்டும், ஆனால் 12.5 அல்லது 25 ஆகத்தான். 88 மாத்திரை கிடைக்காவிட்டால் வாரக் கணக்கு ஒன்று உண்டு. ஆறு நாள் 75, ஞாயிறு மட்டும் இரண்டு மாத்திரை. வாரத்துக்கு 600, சராசரி 86. இதையும் டாக்டர் சம்மதித்தால்தான். கூடிப்போனால் படபடப்பும் கைநடுக்கமும் மட்டுமல்ல, அறுபதைத் தாண்டியவர்களுக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பு தேயும். உன் அம்மாவுக்கு டி.எஸ்.எச். 5.6 என்று கவலைப்பட்டிருந்தாய். எழுபது தாண்டியவர்களுக்கு 4-க்கும் 6-க்கும் நடுவில் இருப்பது போதும், அவர்களைத் தொந்தரவு பண்ணாதே.

தைராய்டுக்காக மரச்சீனியை (மரவள்ளிக்கிழங்கை) நிறுத்தச் சொன்னவர் யார்? அதிலுள்ள சயனைடு உடம்பில் தயோசயனேட்டாக மாறி அயோடினைத் தடுக்கும் என்பது உண்மைதான். அயோடின் பஞ்சமுள்ள இடத்தில் அது பெரிய விஷயம். அயோடின் உப்பும் சாளைக் கறியும் தின்கிற நம் ஊரில், வேகவைத்துத் தண்ணீரை வடித்துத் தின்றால் பயமில்லை. மாத்திரையாக உள்ளே போகிற தைராக்சினை மரச்சீனி ஒன்றும் செய்வதில்லை. கடல்மீன் தின்றால் தைராய்டே வராது என்பதும் அதே மாதிரிப் பேச்சு. இங்கே பெரும்பாலும் வருவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியை அரிப்பதால். அதற்கு அயோடினைக் கூட்டினால் சில நேரம் மோசமாகும்.

மகளுக்கு ஒரு வார்த்தை. அவளும் தைராக்சின் போடுகிறவள்தானே. கர்ப்பம் என்று தெரிந்த அன்றே டாக்டருக்குப் போன் பண்ணச் சொல். வழக்கமாக வாரத்துக்கு ஏழு மாத்திரையை ஒன்பதாக்கச் சொல்வார்கள். பிறகு பாதிக் கர்ப்பம் வரை நாலு வாரத்துக்கு ஒரு முறை ரத்தம். பிரசவம் ஆனதும் பழைய அளவு.

அத்தை வீட்டுப் பூனை பற்றிக் கேட்டிருந்தாய். பதின்மூன்று வயது, பேய்த்தீனி தின்றும் மெலிகிறது என்றால் அது தலைகீழ் வியாதி, சுரப்பி கூடுதலாக வேலை செய்கிறது. அதற்குத் தைராக்சின் கொடுத்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். கொடுக்க வேண்டியது சுரப்பியை அடக்கும் மெத்திமசோல் அல்லது கார்பிமசோல். இரண்டும் ஒரே எடைக்கு ஒன்றல்ல, 10 மில்லிகிராம் கார்பிமசோல் 6 மில்லிகிராம் மெத்திமசோலுக்குச் சமம். இரண்டு மூன்று வாரத்தில் டி4, ரத்த அணு, கிட்னி மூன்றும் பார்க்க வேண்டும். தைராய்டு கூடியிருக்கும்போது மறைந்திருந்த கிட்னிக் கோளாறு, அது இறங்கியதும் வெளியே வரும். முகத்தைப் பிறாண்டினாலோ வாந்தி எடுத்தாலோ நிறுத்திவிட்டு டாக்டரிடம் போகட்டும். அந்த மாத்திரையை உடைப்பதும் பொடிப்பதும் கூடாது. கர்ப்பிணிகள் தொடவே வேண்டாம், மகள் வந்தால் அத்தையிடம் சொல்லிவை.

மைனி முடி கொட்டுவதற்கு பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறாளா என்று கேட்டு எழுது. சில லேபில் அது டி.எஸ்.எச்.சைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும். ரத்தத்தை அதே லேபில், அதே காலை நேரத்தில் கொடுக்கட்டும். அன்றைக்குத் தைராக்சினை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டு போய், ஊசி குத்தி முடிந்த பிறகு அங்கேயே தண்ணீர் வாங்கிப் போட்டால் போதும்.

உன்,
மணி