ஜெயித்த மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் வேட்பாளர் பிரைமரியில், அந்த உட்கட்சித் தேர்தலில், ஜெயித்ததில் எனக்கும் அப்பாவுக்கும் ரொம்ப சந்தோஷம். வெறும் மாநில சட்டமன்றத் தொகுதிதானே என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே. குளிரில் படி ஏறி இறங்கியவர்களுக்குத்தான் தெரியும். அன்றைக்கு போனில் சரியாகப் பேச முடியவில்லை, உன் பின்னால் ஒரே பாட்டும் கூச்சலும். அதனால்தான் எழுதுகிறேன். தமிழில் எழுதினால் நீ மெதுவாகப் படிப்பாய். இதை மெதுவாகப் படிப்பது நல்லது.

அன்று நீ சொன்ன ஒன்று எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. "தோத்தவங்க இன்னும் ஒப்பாரி வெச்சிட்டிருக்காங்கம்மா. முடிஞ்சுபோச்சு, வந்து சேர வேண்டியதுதானே" என்றாய். அப்புறம் உங்கள் வாட்ஸ்அப் குழுவில், அந்தப் பக்கத்து ஆட்கள் போட்ட பதிவுகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, யார் யார் இன்னும் ஆதரவு அறிவிக்கவில்லை என்று பட்டியல் ஓடுகிறது என்றும் சிரித்துக்கொண்டே சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2008-ல் வாட்ஸ்அப் இருந்திருந்தால் அப்படி ஒரு பட்டியலில் என் பெயரும் இருந்திருக்கும்.

அப்போது உனக்குப் பதினொரு வயது. ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் யார் என்ற போட்டியில் அப்பா ஒபாமா பக்கம், நான் ஹிலாரி பக்கம் என்று மட்டும்தான் உனக்கு ஞாபகம் இருக்கும். வீட்டு வாசலில் இரண்டு அட்டைகள் நட்டிருந்ததை நீ வேடிக்கையாக எல்லோரிடமும் சொல்வாய். வேடிக்கை பிப்ரவரி வரைக்கும்தான். நியூ ஜெர்சியில் ஹிலாரி ஜெயித்த அன்று அப்பா எனக்குப் பாயசம் வைத்துக் கொடுத்தார். ஏப்ரலில் நான் பென்சில்வேனியாவுக்கு, ஆலன்டவுன் பக்கம் வீடு வீடாகப் போய்வந்த நாட்களில், சாப்பாட்டு மேஜையில் அரசியல் பேசக்கூடாது என்று எங்களுக்குள் ஒப்பந்தம் ஆகிவிட்டது.

அந்தச் சண்டை ஏன் அவ்வளவு ஆழமாகப் போனது என்று உனக்குத் தெரிய வேண்டும். கொள்கையில் இரண்டு பேருக்கும் நடுவே பெரிய தூரம் இல்லை. இராக் போருக்கு ஹிலாரி செனட்டில் போட்ட ஓட்டு ஒன்றுதான் பெரிய வித்தியாசம். மற்றதெல்லாம் யாருக்கு யார் மரியாதை கொடுக்கவில்லை என்பதுதான். எங்கள் பக்கத்துக் கணக்கைக் கேள். நியூ ஹாம்ப்ஷயரில் சேலம் என்று ஒரு ஊர், நம்ம சேலம் இல்லை. அங்கே ஹிலாரி பேசிக்கொண்டிருந்தபோது இரண்டு ஆண்கள் எழுந்து, "என் சட்டைக்கு இஸ்திரி போடு" என்று கத்தினார்கள். அதை ஒரு ஜோக்காகத்தான் டிவியில் காட்டினார்கள். அதற்கு இரண்டு நாள் முன்னால் நடந்த விவாதத்தில், மக்களுக்கு உங்களைவிட ஒபாமாவைத்தான் பிடிக்கிறதாமே என்று ஹிலாரியிடம் கேட்கிறார்கள். ஒபாமா குறுக்கே புகுந்து, "உங்களையும் போதுமான அளவு பிடிக்கும்" என்கிறார். அந்தத் தொனியைக் கேட்ட எந்தப் பெண்ணுக்கும், ஆபீஸ் மீட்டிங்கில் அதே தொனியைக் கேட்ட ஒரு நாள் நினைவுக்கு வந்திருக்கும். இன்னொன்று நம்ம ஊர்க்காரர்களுக்கானது. 2007 ஜூனில் ஒபாமா முகாமிலிருந்து பத்திரிகைக்காரர்களுக்குப் போன ஒரு குறிப்பில், இந்தியர்களோடு ஹிலாரிக்கு இருந்த பழக்கத்தைக் கிண்டல் செய்து, அவரைப் 'பஞ்சாபின்' பிரதிநிதி என்று எழுதியிருந்தார்கள். ஒபாமா அதைத் தவறு என்று ஒப்புக்கொண்டார். இருந்தாலும் நம்ம ஆட்கள் நிறைந்த எடிசனில் அந்த வாரம் மளிகைக் கடை வரிசையில்கூட அதே பேச்சுதான்.

அப்பாவின் கணக்கு வேறு. சவுத் கரோலினாவில் ஒபாமா ஜெயித்த அன்று, 84-லும் 88-லும் ஜெஸ்ஸி ஜாக்சனும்தான் இங்கே ஜெயித்தார் என்று, முன்பு நின்று தோற்ற ஒரு கறுப்பினத் தலைவரோடு சேர்த்து பில் கிளிண்டன் சொன்னாரே, அதை அப்பா இன்றைக்கும் மன்னிக்கவில்லை. மார்ச்சில் ஹிலாரி பக்கத்து ஜெரால்டின் ஃபெராரோ, ஒபாமா கறுப்பராக இருப்பதால்தான் இந்த இடத்துக்கு வந்திருக்கிறார் என்கிற மாதிரி பேசினார். மே மாதம் ஹிலாரியே, போட்டி ஜூன் வரை நீள்வது புதிதல்ல என்று சொல்ல வந்தவர், 1968-ல் இதே மாதிரிப் போட்டியில் இருந்த ராபர்ட் கென்னடி ஜூனில் சுடப்பட்டதை உதாரணமாக இழுத்துவிட்டார். அன்றைக்கே வருத்தம் தெரிவித்தார் என்பது உண்மை. ஆனால் ஒரு கறுப்பின வேட்பாளரின் உயிரை நினைத்து வீட்டுக்கு வீடு பயந்துகொண்டிருந்த நேரம் அது. அப்பாவின் கோபத்தில் நியாயம் இருந்தது. என் கோபத்திலும் இருந்தது. ஒன்று இன்னொன்றை ரத்து செய்யாது, அதுதான் சிக்கல்.

முடிவு நெருங்க நெருங்க அது விதிமுறைச் சண்டையாக மாறியது. மிச்சிகனும் ஃப்ளோரிடாவும் கட்சி விதியை மீறி ஜனவரியிலேயே தேர்தல் வைத்ததால், மாநாட்டில் ஓட்டுப் போட்டு வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் அவர்களின் பிரதிநிதிகள் செல்லாது என்று கட்சி அறிவித்திருந்தது. மிச்சிகன் வாக்குச்சீட்டில் ஒபாமாவின் பெயரே இல்லை, அவரே எடுத்துவிட்டார். மே 31 அன்று வாஷிங்டனில் ஒரு ஓட்டலில் விதிமுறைக் குழு கூடியது. இரண்டு மாநிலப் பிரதிநிதிகளுக்கும் ஆளுக்கு அரை ஓட்டு, மிச்சிகனில் ஹிலாரிக்கு 69, ஒபாமாவுக்கு 59 பிரதிநிதிகள் என்று முடிவு செய்தார்கள். பெயரே இல்லாதவருக்கு 59 எங்கிருந்து வந்தது என்று எங்களுக்குக் கொதித்தது. குழுவிலிருந்த ஹிலாரியின் ஆலோசகர் ஹெரால்டு இக்கீஸ், எங்களிடமிருந்து நான்கு பிரதிநிதிகளைப் பறிப்பது ஒற்றுமைக்கு நல்ல தொடக்கம் இல்லை என்று பொரிந்து தள்ளினார். கூட்டத்திலிருந்த பெண்கள் "டென்வர், டென்வர்" என்று கோஷம் போட்டார்கள். ஆகஸ்ட் மாநாடு அங்கேதான். அதுவரை விடமாட்டோம் என்று அர்த்தம்.

ஜூன் 3, கடைசி இரண்டு மாநிலங்கள். தேவையான 2,118 பிரதிநிதிகளை ஒபாமா தாண்டிவிட்டார். ஹிலாரி அன்றிரவு எந்த முடிவும் எடுக்கப்போவதில்லை என்றார். நான்கு நாள் கழித்து, தேசியக் கட்டிட அருங்காட்சியகத்தில் விலகல் உரை. பெண்களை உயர்ந்த பதவிக்குப் போகவிடாமல் தடுக்கும் அந்தக் கண்ணாடிக் கூரையை உடைக்க முடியவில்லை, ஆனால் உங்களால் அதில் ஒரு கோடியே எண்பது லட்சம் விரிசல்கள் விழுந்திருக்கின்றன என்று, தனக்கு விழுந்த ஓட்டுகளை வைத்துச் சொன்னார். ஒபாமாவை ஆதரிக்கச் சொன்னபோது கைதட்டலோடு சில எதிர்ப்புக் குரல்களும் கேட்டன. நான் வீட்டு ஹாலில் உட்கார்ந்து பார்த்தேன். அப்பா எதுவும் சொல்லாமல் கார் கழுவப் போய்விட்டார். அதற்காக அவருக்கு இன்றைக்கும் நன்றியோடு இருக்கிறேன். ஏனென்றால் அந்த வாரம் ஒபாமா ஆட்களிடமிருந்து எனக்கு வந்த மின்னஞ்சல்களில் பாதி, "சரி, இனி ஒற்றுமை" என்றுதான் ஆரம்பித்தன. மீதிப் பாதியில் ஸ்மைலி.

நம்ம கல்யாணங்களில் கோபித்துக்கொண்டு மண்டபத்தைவிட்டுப் போகிற ஒரு சித்தப்பா எப்போதும் உண்டு. அவர் தானாகத் திரும்பி வரமாட்டார். வெற்றிலை பாக்குத் தட்டோடு யாராவது போய்க் கூப்பிட வேண்டும். போகிறவர் "சாப்பாடு ஆறுது, வந்து தொலையுங்க" என்றால் வேலைக்கு ஆகாது. இதை உங்கள் குழுவில் யாராவது யோசித்தார்களா?

2008-ல் தட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். ஹிலாரியின் தேர்தல் கடன் இரண்டு கோடி டாலருக்கு மேல். ஜூன் 26-ல் ஹிலாரிக்கு நன்கொடை தந்தவர்களை வாஷிங்டனில் சந்தித்த ஒபாமா, அந்தக் கடனுக்காக தன் சொந்தக் கணக்கிலிருந்து 2,300 டாலருக்குக் காசோலை கொடுத்தார். ஒரு ஆள் கொடுக்கச் சட்டம் அனுமதித்த உச்சத் தொகையே அவ்வளவுதான். தன் பக்கத்துப் பணக்காரர்களையும் கொடுக்கச் சொன்னார். மறுநாள் இரண்டு பேரும் நியூ ஹாம்ப்ஷயரில் யூனிட்டி என்ற சிற்றூரில் ஒரே மேடையில். ஜனவரியில் அந்த ஊர் இருவருக்கும் ஆளுக்கு 107 ஓட்டு போட்டிருந்தது. ஊர்ப் பெயரைத் தேர்ந்தெடுத்தது கொஞ்சம் நாடகத்தனம்தான், அப்பாகூடச் சிரித்தார். எனக்கு அந்த மேடை முக்கியமாகப் படவில்லை. காசோலைதான் முக்கியம்.

அதற்குப் பிறகும் எல்லாம் சரியாகிவிடவில்லை. துணை அதிபர் வேட்பாளராக ஹிலாரியைக் கேட்கவில்லை, பைடனை எடுத்தார்கள். 'பூமா' என்ற பெயரில் ஹிலாரி ஆதரவாளர்களில் ஒரு கூட்டம், ஒபாமாவுக்கு ஒருபோதும் போடமாட்டோம் என்று சுற்றியது. ஆகஸ்ட் 29-ல் எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியின் வேட்பாளர் மெக்கெய்ன், தன் துணை அதிபர் வேட்பாளராக சாரா பேலின் என்ற பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்தினார். அவரும் முதல் மேடையிலேயே அந்தக் கண்ணாடிக் கூரை விரிசல்களைச் சொல்லி எங்களைக் கூப்பிட்டார். கூப்பிடுகிற இடம் தெரிந்து கூப்பிட்டார்கள், அதைச் சொல்ல வேண்டும்.

மாநாட்டில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் நடந்தது. ஹிலாரியின் பெயரையும் முறைப்படி முன்மொழிய விட்டார்கள். மாநிலம் மாநிலமாக ஓட்டெடுப்பு தொடங்கியது. எங்கள் பிரதிநிதிகளில் பலர் தாங்கள் யாருக்காக வந்தார்களோ அவருக்கே ஓட்டுப் போட்டார்கள், சபைக் குறிப்பில் ஏறியது. நியூ யார்க் முறை வந்தபோது ஹிலாரியே மைக் முன்னால் வந்து, எண்ணிக்கையை நிறுத்தி, ஒபாமாவை ஒருமனதாக அறிவிக்கக் கேட்டுக்கொண்டார். எண்ணாமலே முடித்திருக்கலாம், நேரம் மிச்சம். ஆனால் எண்ணத் தொடங்கியதால்தான் அந்த ஒருமனதுக்கு மதிப்பு. அதற்கு முந்தைய இரவு ஹிலாரி எங்களைப் பார்த்து, எனக்காக மட்டுமா இதில் இறங்கினீர்கள் என்று கேட்டதும் என்னைத் தைத்தது. அதே கேள்வியை ஒபாமா கேட்டிருந்தால் டிவியை அணைத்திருப்பேன்.

கடைசிக் கணக்கு இதுதான். நவம்பரில் வாக்குச்சாவடி வாசலில் எடுத்த கணிப்பின்படி, ஹிலாரியை விரும்பிய கட்சிக்காரர்களில் ஏறக்குறைய ஆறில் ஐந்து பேர் ஒபாமாவுக்குப் போட்டார்கள். ஆறில் ஒருவர் மெக்கெய்னுக்கு. நான் அந்த ஐந்து பேரில் ஒருத்தி. எனக்குத் தெரிந்த ஒரு அக்கா ஆறாவது ஆள். அவரை நான் கேள்வி கேட்கவில்லை.

2016 உனக்கே தெரியும். அந்தத் தடவை ஹிலாரியிடம் தோற்றவர் பெர்னி சாண்டர்ஸ். கல்லூரி விடுதியில் பெர்னி சட்டையோடு அழுதுகொண்டு எனக்கு போன் செய்தாய். மாநாட்டுக்கு மூன்று நாள் முன்னால் கட்சித் தலைமையின் மின்னஞ்சல்கள் கசிந்து, உங்களை அவர்கள் எப்படி நினைத்தார்கள் என்பது வெளியே வந்தது. ஃபிலடெல்ஃபியாவில் ஹிலாரிக்குப் போடுங்கள் என்று பெர்னியே சொன்னபோது, அவருடைய ஆட்களே அவரைக் கூச்சலிட்டு அடக்கப் பார்த்தார்கள். நவம்பரில் ஹிலாரி மிச்சிகனில் டிரம்பிடம் 10,704 ஓட்டில் தோற்ற பிறகு பழி முழுக்க உன் மாதிரிப் பிள்ளைகள் மேல் விழுந்தது. அந்தப் பழியை நான் முழுசாக ஏற்றதில்லை. பெர்னிக்குப் போட்டவர்களில் டிரம்பிடம் போனவர்கள் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் அளவில்தான். 2008-ல் எங்களில் மெக்கெய்னிடம் போனவர்கள் அதைவிட அதிகம், ஆனாலும் ஒபாமா ஜெயித்தார். பிரிந்து போகிறவர்கள் எப்போதும் கொஞ்சம் இருப்பார்கள். உன்னைக் கோபப்படுத்தியது தோல்வியா, இல்லை மறுநாளே உனக்குப் பாடம் எடுக்க வந்தவர்களா? அன்றைக்கு போனில் நீ என்னிடம் என்ன சொன்னாய் என்று யோசித்துப் பார்.

அதனால் இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அந்தப் பட்டியலை நிறுத்தச் சொல், இன்றைக்கே. யாரும் கேட்காவிட்டால் நீ அந்தக் குழுவிலிருந்து வெளியே வா. தோற்ற வேட்பாளருக்குக் கடன் இருக்கிறதா என்று விசாரி, இருந்தால் உன்னால் முடிந்த இருபது டாலர் அனுப்பு, அதைப் படம் எடுத்துப் போடாதே. அவர் குடியிருப்பு வாடகையைப் பற்றிப் பேசியதில் ஏதோ நல்லது இருந்தது என்று நீயே மார்ச்சில் என்னிடம் சொன்னாய். அதை உன் வேட்பாளர் எடுத்துக்கொள்ளலாமே, அவர் பெயரைச் சொல்லியே எடுத்துக்கொள்ளலாம். அவருடைய தொண்டர்களை ஒருங்கிணைத்த அந்தப் பெண்மணியைக் கூப்பிட்டுப் பேசு. அவர் பேசட்டும். திட்டினாலும் கேட்டுக்கொள். ஒற்றுமை என்ற பேச்சை முதல் போனில் எடுக்காதே. ஜூன் முடியும்வரை எடுக்காவிட்டாலும் ஒன்றும் குடிமுழுகாது, தேர்தல் நவம்பரில்தான்.

அக்டோபரில் நாங்கள் இரண்டு பேரும் காரில் பிட்ஸ்பர்க் வருகிறோம், வீடு வீடாகப் போக. எதிர் வேட்பாளருக்கு அதிகம் விழுந்த தெருக்களை எனக்கு ஒதுக்கி வை, அங்கே பேச எனக்குத் தெரியும். அப்பாவுக்கு உங்கள் ஆட்கள் இருக்கிற தெருவே போதும், ஆனால் மேட்டுத் தெரு வேண்டாம், அவருக்கு முழங்கால் இன்னும் சரியாகவில்லை.

அன்புடன்,
அம்மா