பல் உடம்பில் சேர்த்தியில்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் பொது மருத்துவக் காப்பீடு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். சந்தா, மருந்துப் பட்டியல், மருத்துவமனைப் படுக்கை என்று கட்டுரையாளர் நன்றாகத்தான் எழுதிக்கொண்டு வந்தார். முடிவதற்குச் சற்று முன்னால் இப்படி ஒரு வரி: "பல்வரிசையைச் சீராக்குவது போன்ற அழகு சார்ந்த ஆசைகளையும் பொதுப்பணத்தில் எதிர்பார்ப்பது நியாயமல்ல." எழுதிவிட்டு அவர் கண்புரைக்குப் போய்விட்டார். என்னால்தான் போக முடியவில்லை. நாலு நாளாக அந்த வரியிலேயே நின்றுகொண்டிருக்கிறேன்.

ஆசை என்கிறாரே, அந்த ஆசையின் அளவு எனக்குத் தெரியும். 5.5 மில்லிமீட்டர்.

என் மகனுக்கு மேல்வரிசை முன்பற்கள் எடுப்பு. உதடு தானாக மூடாது. தூங்கும்போதும் வாய் திறந்தே கிடக்கும். அவனுக்கு 11 வயதானபோது, மூன்று மாதம் காத்திருந்து காப்பீட்டின் பரிசோதகரிடம் கூட்டிப்போனேன். அவர் ஒரு சின்ன ஸ்கேலை வாய்க்குள் விட்டு, மேல் பல் கீழ்ப் பல்லைவிட எவ்வளவு முன்னால் நிற்கிறது என்று அளந்தார். 6 மில்லிமீட்டரைத் தாண்டினால் 'தேவை', காப்பீடு கொடுக்கும். தாண்டாவிட்டால் 'அழகு', நாம்தான் கொடுத்துக்கொள்ள வேண்டும். இவனுக்கு 5.5. பரிசோதகர் கெட்டவர் இல்லை, இரண்டாவது முறையும் அளந்தார். அதே 5.5.

அது ஏன் 5.5 என்பது எட்டு மாதம் கழித்துத்தான் விளங்கியது. பள்ளிக்கூடத்தில் இவனைக் கேலி செய்யாத பிள்ளை இல்லை. அதனால் யாராவது முகத்தைப் பார்த்தாலே கீழ்த்தாடையைக் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளி வைத்துக்கொள்வான். எடுப்பு தெரியாமலிருக்க அவனாகக் கண்டுபிடித்த வைத்தியம் அது. பரிசோதகர் "கடி" என்றதும் பழக்கதோஷத்தில் அப்படியே கடித்திருக்கிறான். பின்னால் நாங்கள் காசு கொடுத்துப் போன பல்சீரமைப்பு மருத்துவர், நாக்கை மேலண்ணத்தில் பின்பக்கமாக மடிக்கச் சொல்லிக் கடிக்கவைத்து அளந்தார். 7 மில்லிமீட்டர். கேலிக்குப் பயந்து பல்லை மறைத்த பிள்ளைக்கு, பல்லை மறைத்த காரணத்தாலேயே சிகிச்சை இல்லை. கட்டுரையாளரின் அகராதியில் இதற்கும் ஆசை என்றுதான் பெயரா?

அந்த எட்டு மாதத்துக்குள் இன்னொன்றும் நடந்தது. விளையாடும்போது விழுந்தான். கை ஊன்றுவதற்குள் பல் ஊன்றிவிட்டது. முன்பல் பாதி போயிற்று. எடுப்பான பல்தான் முதலில் அடிபடும் என்பது பல் மருத்துவர்கள் அத்தனை பேரும் சொல்வது, தங்களுக்கும் தெரியாததல்ல. உடைந்த பல்லுக்கு ரூட் கேனல் செய்து, மீதிப் பல்லை ஒட்டிக் கட்டினார்கள். அதற்கு அதே காப்பீடு மறுபேச்சில்லாமல் பணம் கொடுத்தது. உடைந்தால் மருத்துவம், உடையாமல் பார்த்துக்கொள்வது அழகு. பல்லைப் பிடுங்கவும் கொடுப்பார்கள், இருக்கிற பல்லை நகர்த்தத்தான் கொடுக்க மாட்டார்கள்.

அழகு என்பதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டியதும் இல்லை. 1989-இல் பிரிட்டனில் வெளியாகி, இன்றும் அங்கே யாருக்குப் பொதுச்செலவில் கம்பி கட்டலாம் என்று தீர்மானிக்கிற அளவுகோலில் இரண்டு பாகம் உண்டு. ஒன்று வாயின் ஆரோக்கியத்தைப் பார்க்கும் 5 படிகள். இன்னொன்று, பல் எப்படித் தெரிகிறது என்பதற்கு ஒழுங்கானதில் தொடங்கி மோசமானது வரை 10 புகைப்படங்கள். நடுவிலுள்ள 3-ஆம் படியில் மாட்டிக்கொண்ட பிள்ளைக்கு, தோற்றம் 6-ஆம் படத்துக்கோ அதற்கு மேலோ ஒத்துப்போனால் 18 வயதுக்குள் சிகிச்சை கிடைக்கும். பரிசோதகரின் 5.5-ஐயே வைத்துக்கொண்டாலும், உதடு மூடாத என் மகன் அந்த 3-ஆம் படியில் சரியாக உட்காருவான். தோற்றத்தையும் தேவை என்று ஒத்துக்கொண்டு எண் போட்டு வைத்திருக்கிறார்கள். ஜெர்மனியில் 6 மில்லிமீட்டர் கோடு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் கோட்டைத் தாண்டிய பிள்ளைக்குப் பெற்றோர் முதலில் 20 சதவீதம் கட்ட வேண்டும். பாதியில் விடாமல் முடித்தால் அதையும் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். கறாராகவும் இருக்கலாம், மனிதத்தன்மையோடும் இருக்கலாம் போல.

ஆனால் பல் என்றால் எல்லா ஊர் கஜானாவுக்கும் ஓர் இளக்காரம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனிலேயே 1948-இல் தேசிய சுகாதாரச் சேவை தொடங்கியபோது பல்செட்டு உட்பட எல்லாம் இலவசம். மூன்றே வருடம். 1951-இல் காசு போதவில்லை என்றதும் முதலில் கை வைத்தது பல்செட்டிலும் மூக்குக்கண்ணாடியிலும்தான். அந்தச் சேவையை உண்டாக்கிய அனைரின் பெவன் அதை எதிர்த்து அமைச்சர் பதவியை விட்டே வெளியேறினார். அவர் போனார், கட்டணம் போகவில்லை. 1840-இல் பால்டிமோரில் உலகின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தனியாக ஆரம்பித்தார்களே, அன்றைக்கே பல்லை உடம்பிலிருந்து கழற்றிவிட்டார்கள் என்று நினைக்கிறேன். கல்லீரலுக்கும் காலுக்கும் ஒரே அட்டை. வாய்க்கு மட்டும் தனி அட்டை, தனி உச்சவரம்பு, தனிக் காத்திருப்புக் காலம்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். கட்டுரையின் தொனி அதுதான். ஆனால் ஐயா, இந்த மாடு தானமாக வந்ததல்ல. மாதாமாதம் என் சம்பளத்தில் பிடித்தது போகத்தான் மிச்சம் கைக்கு வருகிறது. நான் விலை கொடுத்த மாடு; பல்லைப் பிடித்துத்தான் பார்ப்பேன்.

இன்னொன்று. அதே இதழின் உள்ளட்டையில் ஒரு முழுப்பக்க விளம்பரம். பல்லை நகர்த்த மாட்டும் கண்ணுக்குத் தெரியாத உறை, அதாவது அலைனர், தவணை வசதி, "தன்னம்பிக்கையோடு சிரியுங்கள்". உள்ளே ஆசைப்படாதே என்கிறீர்கள், அட்டையில் ஆசைப்படு என்கிறீர்கள். இரண்டு வருடம் முன்பு வாய் நிறையக் கம்பியோடு ஒரு பையனை வரைந்து காந்தம் ஒட்டுவதுபோல் நகைச்சுவைத் துணுக்கு போட்டீர்கள். அதற்கு நான் எழுதிய இரண்டு பக்கக் கடிதத்தை "துணுக்கு மனதைப் புண்படுத்தியது" என்று மூன்றே சொல்லாக வெளியிட்டீர்கள். இடநெருக்கடி என்று புரிந்துகொண்டேன். மறக்கவில்லை.

இனி காரியத்துக்கு வருகிறேன். 7 மில்லிமீட்டர் என்று தெரிந்ததும் மறுபரிசோதனைக்கு விண்ணப்பித்தோம். பையன் வளர்கிற வயது, தாடை வளரும்போதே செய்தால்தான் கழற்றி மாட்டும் கருவியிலேயே பலன் கிடைக்கும், வளர்ச்சி நின்ற பிறகு பல்லைப் பிடுங்கியோ அறுவை சிகிச்சை செய்தோதான் சரிசெய்ய வேண்டிவரும் என்றார் மருத்துவர். பயந்துபோய் உடனே தொடங்கிவிட்டோம். ஐந்து வாரம் கழித்துக் கடிதம் வந்தது. மறு அளவில் இவனுக்குத் 'தேவை' உறுதியாகிறது. ஆனால் எழுத்துமூல முன் அனுமதிக்கு முன்பே தொடங்கிய சிகிச்சைக்கு விதிப்படி பணம் கிடையாது. இரண்டும் ஒரே தாளில், ஒரே கையெழுத்துக்கு மேலே. கருவிக்கும் பிறகு கட்டிய கம்பிக்கும் சேர்த்து, தவணை இன்னும் பதினான்கு மாதம் பாக்கி. பிறகு, பல் பழைய இடத்துக்கே திரும்பாமல் பிடித்துவைக்கிற ரிட்டெய்னர் இருக்கிறது.

என் பணம் போனது போகட்டும், அதைத் தாங்கள் வாங்கித்தர முடியாது. அடுத்த இதழில் ஒரு சின்னப் பெட்டிச் செய்தி போடுங்கள், போதும். பல்சீரமைப்புக்கு அனுமதிக் கடிதம் கைக்கு வரும்வரை பல்லுக்கு அச்செடுக்கவோ கருவி மாட்டவோ விடாதீர்கள். அளக்கும்போது பிள்ளை தாடையைத் தள்ளாமல் கடிக்கிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். மறுத்தால் மேல்முறையீட்டுக்கு எத்தனை நாள் என்று அங்கேயே கேட்டு எழுதிவாங்குங்கள். இந்த மூன்று வரிதான். அலைனர் விளம்பரத்துக்குக் கீழே இடமிருந்தால் அங்கேயே போட்டாலும் எனக்கு ஆட்சேபமில்லை.

இப்படிக்கு,
பத்தொன்பது வருடச் சந்தாதாரர்

பி.கு.: இந்த முறை சுருக்குவதானால் என்னைப் பற்றியதை வெட்டுங்கள். அந்த மூன்று வரியை வெட்ட வேண்டாம்.