முதல் குறியீட்டை மட்டும் பார்த்து நிராகரித்த நுரையீரல் சிகிச்சை க்ளெய்ம் குறித்துப் புகார்

பெறுநர்:
மேலாளர், குறைதீர் பிரிவு,
மருத்துவக் காப்பீட்டு நிறுவனம்

பொருள்: முடக்குவாதத்தால் வந்த நுரையீரல் நோய்க்கான பில் நிராகரிப்பு, நோய்க் குறியீட்டை மாற்றி வரச் சொன்னது

ஐயா / அம்மையீர்,

என் அம்மாவுக்கு முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்னும் மூட்டு நோய்) இருக்கிறது. அதன் தொடர்ச்சியாக நுரையீரலும் பாதிக்கப்பட்டு, இடைத்திசு நுரையீரல் நோய், அதாவது நுரையீரல் திசுவில் அழற்சியும் தழும்பும் உண்டாகும் நோய், என்று உறுதியாகியிருக்கிறது. அதற்காக எடுத்த சிடி ஸ்கேன், மூச்சுப் பரிசோதனைகள், தழும்பு கூடுவதை மெதுவாக்கும் நின்டெடனிப் மருந்து ஆகியவற்றின் பில்லை மொத்தமாக நிராகரித்துவிட்டீர்கள். முடக்குவாதத்தைப் பாலிசி எடுக்கும்போதே தெரிவித்திருந்தோம், காத்திருப்புக் காலமும் முடிந்துவிட்டது. அதில் உங்களுக்கும் மறுப்பில்லை. நீங்கள் சொல்லும் காரணம், "சிகிச்சை பதிவான நோய்க்குத் தொடர்பில்லாதது" என்பதுதான்.

பதிவான நோய் எது என்று பார்ப்போம். பில்லில் இரண்டு குறியீடுகள் உள்ளன. முதலாவது எம் 05.1, அடுத்தது ஜே 99.0. உங்கள் நிராகரிப்புக் கடிதத்தில் முதலாவது மட்டும், அதுவும் புள்ளிக்குப் பின்னால் உள்ள எண் இல்லாமல், "எம் 05 – முடக்குவாதம்" என்று வந்திருக்கிறது. மூட்டு நோய்க்கு நுரையீரல் மருந்து எதற்கு என்ற கேள்வி அங்கேதான் முளைத்திருக்கிறது. முகவரியின் முதல் வரியை மட்டும் படித்துவிட்டு, அப்படி ஒரு வீடே இல்லை என்று கடிதத்தைத் திருப்பி அனுப்புவதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 என்னும் நோய்க் குறியீட்டுப் பட்டியலில் எம் 05.1 என்பதன் பொருளே முடக்குவாத நுரையீரல் நோய்தான். அந்தப் பட்டியலில் சில நோய்களுக்கு இரட்டைக் குறியீடு உண்டு. அடிப்படையான நோய்க்குக் கத்தி வடிவக் குறி போட்ட எண், அது எந்த உறுப்பில் வெளிப்படுகிறதோ அதற்கு நட்சத்திரக் குறி போட்ட எண். எம் 05.1 கத்திக் குறி உள்ளது, ஜே 99.0 நட்சத்திரக் குறி உள்ளது. கத்திக் குறி எண்தான் முதன்மை. நட்சத்திர எண்ணைத் தனியாக எழுதக்கூடாது என்பது விதி. ஆக, மருத்துவமனையின் பில்லிங் பிரிவு செய்தது விதிப்படி சரி. உங்கள் மென்பொருள் முதல் குறியீட்டோடு நின்றுவிடுகிறது என்றால், அதைத் திருத்த வேண்டியது நீங்கள்.

இதுவரை நடந்ததைக் கவனக்குறைவு என்று எடுத்துக்கொண்டிருப்பேன். அடுத்து நடந்ததை அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை.

தொலைபேசியில் உங்கள் பிரிவைச் சேர்ந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "டாக்டரிடம் சொல்லி ஜே 84.1 என்று மாற்றி வாங்கி வாருங்கள் சார், உடனே பாஸ் ஆகிவிடும்" என்றார். உதவுகிற எண்ணத்தில்தான் சொன்னார் என்று நம்புகிறேன். ஆனால் அவர் சொன்னது, இல்லாத நோயை எழுதி வாங்கி வரச் சொல்லும் வேலை. காரணம் கண்டறிய முடியாத நுரையீரல் தழும்பு நோய், அதாவது ஐபிஎஃப், வருவது ஜே 84.1-க்குள். அம்மாவின் நோய்க்குக் காரணம் தெரியும். நுரையீரல் மருத்துவரும் மூட்டு மருத்துவரும் ஸ்கேன் நிபுணரும் சேர்ந்து பார்த்து எழுதிய முடிவு அது.

குறியீடுதானே, என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். ஐபிஎஃப் நோயாளிகளுக்கு பிரெட்னிசோன், அசதியோபிரின், என்-அசிட்டைல்சிஸ்டீன் மூன்றையும் சேர்த்துக் கொடுத்த ஆய்வில் மரணமும் மருத்துவமனைச் சேர்க்கையும் கூடின. அந்த முடிவுகள் 2012-இல் வெளியாயின. அதன் பிறகு ஐபிஎஃப் என்றாலே மருத்துவர்கள் அந்தக் கூட்டு மருந்தைத் தவிர்க்கிறார்கள். முடக்குவாத நுரையீரலில் நிலைமை வேறு. நோய் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகள் இதில் வழக்கமான சிகிச்சை, அம்மாவும் அவற்றை எடுத்து வருகிறார். நள்ளிரவில் அவசரப் பிரிவில் முன்பின் அறியாத மருத்துவர் ஒருவர் கோப்பைத் திறந்து ஐபிஎஃப் என்று படித்தால், எந்த மருந்தை நிறுத்துவார், எதைத் தொடர்வார்? உங்கள் வசதிக்காகப் போட்ட எண் அங்கே வந்து நிற்கும். மாற்ற முடியாது என்று எங்கள் மருத்துவர் சொல்லிவிட்டார். அவருக்கு நன்றி.

நின்டெடனிப் ஐபிஎஃப்-க்கு மட்டுமே என்ற உங்கள் குறிப்பும் பழைய கதை. ஐபிஎஃப் அல்லாத, ஆனால் தழும்பு கூடிக்கொண்டே போகும் நோயாளிகள் 663 பேரிடம் 15 நாடுகளில் நடந்த இன்பில்ட் ஆய்வின் முடிவு 2019-இல் வந்தது. முடக்குவாத நுரையீரல் உள்ளவர்களும் அதில் இருந்தார்கள். ஓர் ஆண்டில் ஊதி வெளிவிடும் மூச்சின் அளவு, மருந்தில்லாத பிரிவில் 187.9 மில்லி குறைந்தது. மருந்து எடுத்தவர்களுக்கு 80.8 மில்லிதான் குறைந்தது. இந்த வகை நோய்க்கும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020 மார்ச்சில் ஒப்புதல் கொடுத்துவிட்டது.

இன்னொன்று. நோய் முற்றுகிறது என்பதற்கு ஆதாரம் கேட்டிருக்கிறீர்கள். அதே கடிதத்தில், மூச்சுப் பரிசோதனையை "மீண்டும் செய்யப்பட்டது, தேவையற்றது" என்று வெட்டியிருக்கிறீர்கள். 2022-இல் நுரையீரல் மருத்துவச் சங்கங்கள் வெளியிட்ட வழிகாட்டியில், முற்றும் நோய்க்கு மூன்று அளவுகோல்கள் உண்டு: அறிகுறிகள், மூச்சு அளவு, ஸ்கேன். இவற்றில் ஒன்று மட்டும் பொருந்தினால் போதாது, ஓராண்டுக்குள் குறைந்தது இரண்டு பொருந்த வேண்டும். மூச்சு அளவில் 5 சதவீதப் புள்ளி குறைந்ததா என்று பார்க்க ஒரு பரிசோதனையை இன்னொன்றோடு ஒப்பிட்டாக வேண்டும். ஒரே ஒரு பரிசோதனையை வைத்துக் குறைந்ததை எப்படிக் காட்டுவது என்று உங்கள் மருத்துவ ஆலோசகரே சொல்லட்டும்.

முதல் அனுமதியின்போது பில்லில் ஜே 84.9 இருந்ததையும், பிறகு மாறியதையும் "முரண்பாடு" என்று குறித்திருக்கிறீர்கள். அது வகை தெரியாத இடைத்திசு நோய்க்கான எண். அப்போது ரத்தப் பரிசோதனை முடிவுகள் வரவில்லை. தெரிந்த அளவுக்கே எழுத வேண்டும் என்பதால் அப்படி எழுதினார்கள். தெரிந்த பிறகு சரியானதை எழுதினார்கள். இந்த நோயில் பெயர் உறுதியாகக் காலம் பிடிப்பது சாதாரணம்.

நான் கேட்பவை இவை. நிராகரிப்பை ரத்து செய்து, இரண்டு குறியீடுகளையும் சேர்த்துப் படித்து க்ளெய்மை மறுபரிசீலனை செய்யுங்கள். நுரையீரல் மருத்துவம் தெரிந்த ஒருவர் அதைப் பார்க்க வேண்டும். குறியீட்டை மாற்றி வரச் சொன்ன அந்தத் தொலைபேசிப் பதிவைக் கேட்டு, அப்படிச் சொல்வதுதான் உங்கள் நடைமுறையா என்று எழுத்தில் தெரிவியுங்கள். மறுபடியும் மறுப்பதானால், எந்தப் பாலிசி விதியின் கீழ் என்பதையும், முடிவெடுத்த மருத்துவரின் பெயரையும் துறையையும் குறிப்பிடுங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை அமைப்புக்கு முறையீடு செய்ய அவை எனக்குத் தேவைப்படும்.

மருத்துவர்கள் மூவரும் கையெழுத்திட்ட முடிவு, இரண்டு மூச்சுப் பரிசோதனை அறிக்கைகள், ஸ்கேன் அறிக்கை, பில்கள், உங்கள் நிராகரிப்புக் கடிதம் ஆகியவற்றின் நகல்களை இணைத்திருக்கிறேன். பாலிசி எண்ணும் க்ளெய்ம் எண்ணும் இணைப்பின் முதல் தாளில் உள்ளன. மருந்தை இடையில் நிறுத்தக்கூடாது என்பதால் இப்போதைக்குக் கைப்பணம் போட்டு வாங்கிக்கொண்டிருக்கிறோம். அந்த பில்களும் அடுத்தடுத்து உங்களுக்கு வரும்.

இப்படிக்கு,
பாலிசிதாரர்