காரைப் பார்த்துவிட்டாய், பாலிசியைப் படித்தாயா மருமகனே?

அன்புள்ள மருமகனுக்கு,

அத்தை எழுதுகிறேன். "அக்கா, கார் கார்னு ஒரே பிடியா நிக்கான், நான் சொன்னா கேக்க மாட்டேங்கான், நீயே எடுத்துச் சொல்லு" என்று உன் அப்பா போன் பண்ணினான். உன்னைப் போல இன்னும் எத்தனையோ பிள்ளைகள் இதே யோசனையில் இருப்பார்கள் என்பதால் பொதுவிலேயே எழுதுகிறேன்.

கங்கைகொண்டான் சிப்காட்டில் வேலைக்குச் சேர்ந்து, சொந்தச் சம்பளத்தில், இந்த வயசில் நல்ல எஞ்சின் உள்ள கார் வேண்டும் என்று ஆசைப்படுகிறாய். ஆசைப்படு. ஆனால் நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பட்டியலில் எத்தனை குதிரைசக்தி, எத்தனை டார்க், நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட எத்தனை நொடி என்று எல்லாம் இருக்கிறது. இன்சூரன்ஸ் பற்றி ஒரு வரி இல்லை. உத்தியோகக் காலம் முழுக்க மோட்டார் க்ளெய்ம் பிரிவில் உட்கார்ந்திருந்தவள் நான். எந்தக் காகிதம் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றும், எது கைவிடும் என்று எனக்குத் தெரியும்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள். இங்கிலாந்தில் வெகுகாலம் ஒவ்வொரு கார் மாடலையும் 1 முதல் 50 வரை இன்சூரன்ஸ் குரூப்பாகப் பிரித்து வைத்திருந்தார்கள். வேகமான கார் மேல் குரூப்பில் இருக்கும். அதோடு ஓட்டுகிறவனின் வயசையும் பார்ப்பார்கள். லைசென்ஸ் வாங்கிக் கொஞ்ச நாளே ஆன பையன் வேகமான காருக்கு விலை கேட்டால் பிரீமியமே அவனைத் தடுத்துவிடும். பிரீமியம் குறைய வேண்டுமென்றால், எப்படி ஓட்டுகிறான் என்று கவனிக்கும் கருவியை வண்டியில் மாட்டிக்கொள்ளச் சொல்வார்கள். நம் ஊரில் பிரீமியம் பெரும்பாலும் வண்டியைத்தான் பார்க்கிறது. எத்தனை சிசி (எஞ்சின் அளவு), எத்தனை வருசப் பழசு, என்ன மதிப்பு, எந்த ஊர் ரிஜிஸ்ட்ரேசன், அவ்வளவுதான். சென்னை ரிஜிஸ்ட்ரேசனைவிட நம்ம திருநெல்வேலி டிஎன் 72-க்குக் கட்டணம் கொஞ்சம் குறைவுகூட. அதனால் 150 குதிரைசக்தி உன் வயசுக்கு அதிகம் என்று இங்கே எந்தப் பிரீமியமும் உனக்குச் சொல்லாது. அதை வீட்டில் ஒருத்தர் சொல்லியாக வேண்டும். அதனால்தான் நான் சொல்கிறேன்.

சிசி கணக்கைப் பார். உன் காரால் மற்றவர்களுக்கு ஆகும் சேதத்துக்கான தேர்ட் பார்ட்டி கட்டணத்தை அரசாங்கம் நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1-ல் நடைமுறைக்கு வந்த பட்டியல்படி 1000 சிசி வரை வருசத்துக்கு 2,094 ரூபாய், 1500 வரை 3,416, அதற்கு மேல் 7,897. நீ அனுப்பியதில் ஐ20 என் லைனின் எஞ்சின் 998 சிசிதான், டர்போ இருப்பதால் 120 பிஎஸ், அதாவது குதிரைசக்தி, தருகிறது. சாதாரண வேகன்ஆர் 1.0 கட்டுகிற அதே தேர்ட் பார்ட்டி கட்டணம்தான் அதற்கும். விர்டஸ் ஜிடியின் 1.5 டிஎஸ்ஐ 1498 சிசி, 150 பிஎஸ், நடுப் படியில் நிற்கிறது. பழைய ஆக்டேவியா 1.8 டிஎஸ்ஐ 1798 சிசி, 180 பிஎஸ், மேல் படிக்குப் போய்விடுகிறது. புது கார் என்றால் 2018 செப்டம்பரிலிருந்து மூன்று வருசத் தேர்ட் பார்ட்டியைச் சேர்த்தே கட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம்.

இனி அந்த ஆக்டேவியா விசயம். நாகர்கோவிலில் ஒருத்தர் விற்கிறார், "ஸ்டேஜ் 1 ரீமேப் பண்ணினது, பறக்கும்" என்று சொன்னாராமே. எஞ்சின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றிப் பவரைக் கூட்டுவதுதான் ரீமேப். அந்தக் காரை வாங்காதே. கம்பெனி கொடுத்த பவரை மாற்றிவிட்டு அதை இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லவில்லை என்றால், பெரிய க்ளெய்ம் வரும் அன்றைக்கு, சேதத்தை மதிப்பிட வருகிற சர்வேயர் லேப்டாப்பை மாட்டிப் பார்ப்பார், சைலன்சரைப் பார்ப்பார், பிறகு உன் முகத்தைப் பார்ப்பார். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ம் ஆர்சியில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. ரீமேப் பண்ணினவர் அனுபவித்துவிட்டுப் போய்விட்டார். கணக்குத் தீர்க்கிற ஆள் நீயாக இருக்க வேண்டாம்.

போலோ ஜிடி டிஎஸ்ஐ மேல் உனக்குத் தனிப் பிரியம் என்று தெரியும். 2022-லேயே போலோ தயாரிப்பு இங்கே நின்றுவிட்டது, எதுவானாலும் செகண்ட் ஹேண்ட்தான். பழைய 1.2 டிஎஸ்ஐயில், ரெண்டு கிளட்ச் வைத்துத் தானே கியர் மாற்றுகிற, ஏழு கியர் உள்ள டூயல் கிளட்ச் பெட்டி. 2020-லிருந்து வந்த 1.0 டிஎஸ்ஐயில் சாதாரண ஆறு கியர் ஆட்டோமேட்டிக். நான் கார் ஓட்டிப் பார்த்து எழுதுகிறவள் இல்லை, க்ளெய்ம் பார்க்கிறவளாகச் சொல்கிறேன்: கியர் பெட்டி தானாகக் கோளாறானால் எந்தப் பாலிசியும் பணம் தராது. தேய்மானமும் மெக்கானிக்கல் பிரேக்டவுனும் விலக்கு. டூயல் கிளட்ச் பெட்டிக்கு ஒரு பெரிய வேலை வந்தால் உன் சம்பளத்தில் சில மாசம் போய்விடும். போலோதான் வேண்டும் என்றால் 2020-க்குப் பிந்தினதைப் பார். எனக்குப் பிடித்தது ஐ20 என் லைன். ஓட்ட ருசி இருக்கும், உதிரி பாகத்துக்கு அலைய வேண்டாம், பாளையங்கோட்டையை விட்டு வெளியே போகாமலே சர்வீஸ் முடிந்துவிடும்.

யார் பெயரில் என்பது அடுத்த கேள்வி. அப்பா பெயரில் எடுத்தால் அவனுடைய 50 சதவீத நோ க்ளெய்ம் போனஸ் (க்ளெய்ம் கேட்காத வருசங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) கிடைக்கும் என்று ஏஜென்ட் சொன்னாராம். அந்த போனஸ் ஆளுக்கு உரியது, காருக்கு இல்லை. அப்பாவின் பழைய காரை விற்றால் அவன் பெயரில் வாங்கும் காருக்கு அது வரும், உண்மை. ஆனால் ஓட்டப்போவது நீ. 15 லட்ச ரூபாய் பர்சனல் ஆக்சிடென்ட் கவர் ஓனர்-டிரைவருக்கு மட்டும்தான். ஆர்சி அப்பா பெயரில் இருந்தால், நீ ஓட்டும்போது உனக்கு ஏதாவது ஆனால் அந்தக் கவர் உன்னைத் தொடாது. தனியாகக் கவர் சேர்க்காவிட்டால் உன் அம்மா கையில் ஒன்றும் இருக்காது. விபத்து வழக்கு ட்ரிப்யூனலுக்குப் போனால் நோட்டீசும் ஓனர் பெயருக்கு வரும். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிற என் தம்பி உனக்காகக் கோர்ட் வாசலில் நிற்கக் கூடாது. உன் பெயரிலேயே எடு. போனஸ் முதல் வருசம் முடிந்தால் 20 சதவீதம், பிறகு 25, 35, 45, ஐந்து வருசம் க்ளெய்ம் இல்லாமல் போனால் 50. பாலிசி காலாவதியாகி 90 நாள் தாண்டினால் சேர்த்ததெல்லாம் போய்விடும். தேதியை மறக்காதே.

இதைவிட எனக்கு முக்கியமானது உன் காரில் ஏறப்போகிற பிள்ளைகள். சாரல் காலத்தில் நாலு கூட்டாளிகளை ஏற்றிக்கொண்டு ஆலங்குளம் வழியாகக் குற்றாலம் போவாய். வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால், தனியார் காரில் கூட வருகிறவனுக்கு அது பொறுப்பேற்காது. ஃபுல் இன்சூரன்ஸ் என்று நாம் சொல்கிற பேக்கேஜ் பாலிசிதான் அவர்களையும் சேர்க்கும். 2012-ல் உச்ச நீதிமன்றமும் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பழைய காருக்குப் பணம் மிச்சம் பிடிக்கத் தேர்ட் பார்ட்டி போதும் என்று உன் வயசுப் பிள்ளைகள் முடிவெடுக்கும்போது, பின் சீட்டில் உட்காருகிற கூட்டாளியின் அம்மாவை நினைப்பதில்லை. அந்த அம்மாக்களை நான் ஆபீசில் பார்த்திருக்கிறேன். ஒன்றும் கிடைக்காது என்று அவர்களிடம் சொல்ல வேண்டி வந்த நாளெல்லாம் எனக்கு ராத்திரி சோறு இறங்கினதில்லை.

2023 டிசம்பர் 17, 18 உனக்கு நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை, தாமிரபரணி ஜங்சன் பக்கம் வரைக்கும் ஏறி வந்தது. வெள்ளத்தில் நின்ற காருக்குப் பேக்கேஜ் பாலிசியில் க்ளெய்ம் உண்டு. ஆனால் தண்ணீர் புகுந்த வண்டியை ஸ்டார்ட் பண்ணி எஞ்சின் உள்ளே வளைந்து உடைந்தால், அது வெள்ளத்தால் நேரடியாக வந்ததில்லை, ஸ்டார்ட் பண்ணினதைத் தொடர்ந்து வந்த சேதம் என்று சொல்லித் தள்ளிவிடுவார்கள். என்ஜின் புரொடெக்ட் கவர் இருந்தால்தான் அதற்குப் பணம். நீ பார்க்கிற மாதிரி தாழ்ந்து நிற்கிற காருக்கு இது கட்டாயம் வேண்டும். கவர் இருந்தாலும், தண்ணீரில் நின்ற காரின் சாவியைத் தொடாதே. இழுத்துக்கொண்டு போகச் சொல்.

ஜீரோ டெப், அதாவது தேய்மானத்தைக் கழிக்காமல் பணம் தருகிற கவர், எடுத்துக்கொள். அது இல்லாவிட்டால் பம்பர் போன்ற பிளாஸ்டிக், ரப்பர் சாமான்களில் பாதி விலையை நீதான் கொடுக்க வேண்டும். பிரீமியத்தைக் குறைத்துக் காட்ட ஏஜென்ட் ஐடிவியை, அதாவது பாலிசியில் காருக்குக் குறிக்கிற மதிப்பை, குறைத்தால் ஒத்துக்கொள்ளாதே. வண்டி திருடு போனாலோ, ரிப்பேர் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டி டோட்டல் லாஸ் என்று முடிவானாலோ கைக்கு வருவது அந்தத் தொகைதான்.

நூறைத் தொடும் நொடியை நாலு வழிச் சாலையில் அளந்து வீடியோ எடுக்கும் யோசனையை விட்டுவிடு. பாலிசியின் முதல் பக்கத்திலேயே, ரேஸுக்கும் வேகச் சோதனைக்கும் வண்டியைப் பயன்படுத்தினால் இது செல்லாது என்று எழுதியிருக்கும். வேகம் பார்க்க வேண்டும் என்றால் கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, பயிற்சிக்குப் போ, பணம் நான் தருகிறேன். அங்கேயும் உன் பாலிசி கேட்டுக்கு வெளியேதான் நிற்கும், தெரிந்துகொண்டு போ. நம்ம ரோட்டில் வேண்டாம். நாங்குநேரி தாண்டினால் ஆடு மேய்க்கிறவர் நடுத்தடுப்பைத் தாண்டி வருவார், எதிர்த்திசையில் பைக் வரும். வள்ளியூர் தாண்டிக் காவல்கிணறு பக்கம் போனால், ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று பக்கவாட்டில் அடிக்கும். நூறுக்கு மேல் போகும்போது ஸ்டீயரிங் கையில் ஒரு இழுப்பு இழுக்கும். காற்றாலை தெரிந்ததும் வேகத்தைக் குறை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை சமாதானபுரம் வீட்டுக்கு வா. செகண்ட் ஹேண்டாகப் பார்த்தால் விற்கிறவரிடம் ஆர்சி, சர்வீஸ் ரெக்கார்டு, நடப்புப் பாலிசி மூன்றின் காப்பியும் வாங்கிக்கொண்டு வா, இதுவரை என்னென்ன க்ளெய்ம் ஆனது என்றும் கேள். பெயர் மாற்றினதும் 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதிக் கொடுக்க வேண்டும், அந்த விண்ணப்பத்தை நானே எழுதித் தருகிறேன். நான் பாலிசியை வரி வரியாகப் படித்து முடிக்கிற வரைக்கும் யாருக்கும் அட்வான்ஸ் கொடுக்காதே.

அன்புடன்,
அத்தை