கலர்ப் பெட்டி

கோத்தகிரி

டேய் சோடாபுட்டி,

பொங்கலுக்கு அப்புறம் ஒரு வரி எழுதவில்லை, நேரில் பார்க்கும்போது திட்டிக்கொள். வீட்டில் எல்லோரும் சௌக்கியம், அம்மா தவிர. அதற்கு வருகிறேன்.

மறுபடி பேசிக் புரோகிராம் மொழியில் விழுந்துவிட்டேன், சிரிக்காதே. அம்மா பின்னும் ஸ்வெட்டர் டிசைனைக் கட்டம் கட்டமாகத் திரையில் காட்ட ஃப்ரீபேசிக்கில் ஒரு புரோகிராம். லேபில் ஸ்கிரீன் 12 போட்டு, லைன் எழுதி, பிஎஃப் கொடுத்து 16 கலரை நிரப்பினோமே, மொட்டைகூட மிட்டாய்க் கடை என்றானே? அந்தப் பாடே வேண்டாம். விண்டோஸிடமே நிறம் பொறுக்கும் கலர்ப் பெட்டி இருக்கிறதடா! அதன் காம்டிஎல்ஜி32 டிஎல்எல் என்ற ஃபைலில் சூஸ்கலர் என்று ஒரு ஃபங்ஷன். ஒரு டைப்பை, அதாவது பல தகவலை ஒன்றாகக் கட்டிய மூட்டையை, நிரப்பிக் கூப்பிட்டால் பெட்டி வந்து நிற்கும்.

ஆனால் முறையாகக் கூப்பிடணும். டைப்பின் முதல் இடத்தில் அதன் நீளத்தையே எழுதணும்: 32 பிட்டில் 36 பைட், 64 பிட்டில் 72. கையால் எண் போடாதே, நீளத்தை அளந்து சொல்லும் சைஸ்ஆஃப் பார்த்துக்கொள்ளும். நீளம் தப்பினால் பெட்டி திறக்காமலே 0 வரும். கேன்சல் அமுக்கினாலும் அதே 0தான், எரிச்சலாக இருக்கும். ஓகே கொடுத்தால் அந்த டைப்புக்குள் வரும் நிற எண்ணில் சிவப்பு கடைசி பைட்டில் இருக்கும், நீலம் அதற்கு இரண்டு பைட் முன்னால். வெப் பக்கத்துக்கு எழுதுகிற வரிசைக்கு நேர் தலைகீழ். அப்படியே தூக்கிப் போட்டால் தோடர் சால்வைச் சிவப்பு நீலமாகிவிடும்.

பெட்டியின் கீழே 16 காலிக் கட்டம் உண்டு. நாமே கலந்த நிறங்களைச் சேர்த்துக்கொள்ளலாம். விண்டோஸ் அவற்றை ஞாபகம் வைக்காது, அவற்றை வைக்க அர்ரே (எண்களின் வரிசை) கொடுப்பதும் ஃபைலில் எழுதி வைப்பதும் நம் வேலை. அந்த ஃபைலைத் திறந்து பார்த்தபோதுதான் எனக்குத் திக்கென்றது. கறுப்பு என்று அம்மா சேர்த்து வைத்திருந்த எல்லாமே கருநீலம்.

பல்ப் மங்கல், மூடுபனி மங்கல் என்று அவள் புலம்பியதெல்லாம் கண்ணால்தான். டாக்டர் பார்த்துவிட்டார், இரண்டு கண்ணிலும் புரை. ஆர்டர் முடியட்டும் என்கிறாள். அவள் ஆர்டர் என்றைக்குடா முடிந்திருக்கிறது? நீ போன் பண்ணிச் சொல், உன் பேச்சுக்குத்தான் மதிப்பு.

ஆபரேஷனைக் கோவையில் வைத்துக்கொள்ள நினைக்கிறேன். மேட்டுப்பாளையம் ரோட்டில் அடிக்கடி இறங்கி ஏற அவளுக்கு ஆகாது, வாந்தி. கொஞ்ச நாள் உன் வீட்டில் தங்கட்டுமா? தங்கச்சியைக் கேட்காமல் நீயாகச் சரி சொல்லாதே. கீழ் ரூம் காலியாக இருந்தால் நல்லது. பதில் வந்ததும் தேதி வாங்குகிறேன்.

உன்
கரடி