அந்த 'ஆவது' பற்றி

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் கல்விப் பக்கத்தில், அமெரிக்காவின் சமூகக் கல்லூரிகளில் விமானம் கட்டும் வேலைக்கு ஆட்களைப் பழக்குவது பற்றி வந்த கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். எழுதியவர் தேடித்தான் எழுதியிருக்கிறார், குறை சொல்லவில்லை. ஆனால் கடைசிப் பந்தியில் "பல்கலைக்கழகம் கிடைக்காத நம் பிள்ளைகளுக்காவது இப்படி ஒரு வழி வேண்டும்" என்று முடித்திருந்தார். அந்த 'ஆவது' மூன்று எழுத்துத்தான், ஆனால் மூன்று நாளாக என் மனதை விட்டுப் போகவில்லை.

நான் நாற்பது வருடம் லேத்தில், அதாவது இரும்பு கடையும் மெசினில், நின்றவன். என் அப்பா திருகோணமலைக் கடற்படை டொக்யார்டில் பிற்றராக இருந்தவர், 1957இல் பிரிட்டிஷ்காரர் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போகும்வரை. எனக்குப் பதினாலு வயதில் ஒரு இரும்புத் துண்டையும் அரத்தையும் கையில் தந்து, இதைச் சதுரமாக அராவிக் கொண்டு வா என்றார். கொண்டு போனால் மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடிப்பார். கீற்றாக வெளிச்சம் தெரிந்தாலும் ஒன்றும் பேசாமல் திருப்பித் தருவார். பதினொரு நாள் அராவினேன். பன்னிரண்டாம் நாள்தான் "சரி" என்றார். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு எனக்குக் கிடைத்த எந்தச் சான்றிதழும் அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. அவர் வேறு எதுவும் வராதவனுக்கு இதாவது வரட்டும் என்று எனக்குத் தொழில் பழக்கவில்லை ஐயா.

விமான வேலை என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியாதது அல்ல. ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் ஷார்ஜாவில் ஒரு மெசின் பட்டறைக்குப் போன 1985ஆம் வருடம் ஆகஸ்டில் ஜப்பானில் ஒரு போயிங் 747 விமானம் மலையில் மோதி 520 பேர் செத்தார்கள். ஏழு வருடத்துக்கு முன் அந்த விமானத்தின் வால் தரையில் இடித்தது. அப்போது பின்பக்கத்து அழுத்தத் தடுப்பை, அதாவது உள்ளே காற்றழுத்தத்தைப் பிடித்து வைக்கும் சுவரை, பழுதுபார்த்தவர்கள், இரண்டு வரிசை ரிவெட் தாங்க வேண்டிய இடத்தில் ஒரு வரிசை மட்டும் தாங்கும்படி இணைப்புத் தகட்டைப் பொருத்திவிட்டார்கள். ஒவ்வொரு முறை மேலே ஏறி இறங்கும்போதும் அந்த இடம் கொஞ்சம் கொஞ்சமாக வெடிப்பு விட்டுக்கொண்டே வந்து, கடைசியில் பிய்ந்துகொண்டு போனது. எங்கள் போர்மன் அந்தச் செய்தியைப் பட்டறைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தார். அத்தனை உயிர் ஒரு வரிசை ரிவெட்டில் தொங்கியது. அந்த வேலையைச் செய்கிற கையைப் போய், பல்கலைக்கழகம் கிடைக்காத கை என்று சொல்லலாமா?

அலுமினியத் துண்டைக் கடைந்து எடுத்த பிறகு ஓரத்தில் நிற்கும் பிசிறை எடுக்காமல் விட்டாலே வெடிப்பு அங்கேதான் தொடங்கும். தலைமுடியின் தடிப்பில் ஏழில் ஒரு பங்கை, அதாவது நூறில் ஒரு மில்லிமீட்டரை, மைக்ரோமீட்டரில் படித்து இது போகும், இது போகாது என்று சொல்ல வேண்டும். போகாது என்றால் பக்கத்தில் எவ்வளவு பெரிய மனிதர் நின்றாலும் போகாது என்றுதான் சொல்ல வேண்டும். இதற்குத் துணிவும் வேண்டும், கணக்கும் வேண்டும். திரிகோணகணிதம் தெரியாமல், கணினிக் கட்டளைப்படி வெட்டும் சி.என்.சி. மெசினுக்கு ஒரு வரி எழுத முடியாது.

அமெரிக்காவில் விமான மெக்கானிக் உரிமம் எடுக்கக் கல்லூரிக்குப் போகலாம். போகாமல் வேலைத்தலத்திலேயே விமான உடல், எஞ்சின் இரண்டிலும் முப்பது மாத அனுபவம் இருந்தாலும் பரீட்சைக்கு இருக்க விடுகிறார்கள். பரீட்சை எல்லாருக்கும் ஒன்றுதான். எந்த வாசலால் வந்தாய் என்று பிறகு ஒருவரும் கேட்பதில்லை. எங்கள் இலங்கையில் அப்படி இல்லையா என்றால், இருக்கிறது! என்.வி.கியூ. என்கிற தேசியத் தொழிற்தகைமையில் ஏழு மட்டம் என்று வைத்திருக்கிறோம், நாலு வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். பட்டறையில் பழகியவனையும் சோதித்து அந்தச் சான்றிதழைக் கொடுக்கலாம் என்று விதியே இருக்கிறது. நான் அப்படி எடுக்கப் போனேன். ஒரு அலுவலகத்தில் என்னை மூன்று தரம் அலையவிட்டு, தமிழில் படிவம் முடிந்துவிட்டது என்றார்கள். நாலாம் தரம், இந்த வயதில் உங்களுக்கு ஏன் ஐயா இது என்று கேட்டார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்கள். நான் எழும்பி வந்துவிட்டேன்.

என் தங்கையின் மகன் கதை இன்னும் மோசம். உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு 2013இல் வந்தது, அதைப் படித்த பெடியன் அவன். கை நல்ல கை. ஒரு பயிற்சி நிலையத்தில் சேர்ந்தான். அங்கே ஒரு சி.என்.சி. மெசின் இருந்தது. ரிப்பன் வெட்டிய அன்று படம்கூடப் பத்திரிகையில் வந்தது. அதற்கு வேண்டிய மூன்று பேஸ் கரண்ட் மட்டும் அந்தக் கட்டடத்துக்கு வரவே இல்லை. ஒரு வருடம் முழுக்கப் பொலித்தீன் போர்த்திய மெசினைச் சுற்றி நின்று படம் கீறிப் படித்தார்கள். ஆசிரியரும் பாவம், அவருக்குத் தமிழ் வராது, இவர்களுக்குச் சிங்களம் அரைகுறை. அப்புறம் அவன் சனிக்கிழமைகளில் என் பட்டறைக்கு வந்து பழைய லேத்தில்தான் கை பழகினான். இப்போது கட்டாரில் இருக்கிறான். அவன் போவதற்கு முன் கலியாணம் பேச வந்தவர்கள், "பெடியன் கம்பஸ் போகவில்லையோ" என்று கேட்டதும் என் தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் குனிந்த தலைதான் உங்கள் கட்டுரையின் கடைசி வரியைப் பார்த்ததும் எனக்கு ஞாபகம் வந்தது.

எங்கள் திருகோணமலைச் சீனக்குடாவில் ஓடுபாதை இருக்கிறது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான்காரர் குண்டு போட வந்தபோது அங்கிருந்துதான் விமானங்கள் எழும்பிப் போய் எதிர்த்தன. இன்றைக்கும் விமானப்படையின் பயிற்சி விமானங்கள் அங்கேயிருந்து எழும்புகின்றன. அதே சீனக்குடாவில் மா ஆலை இருக்கிறது, சீமெந்து ஆலை இருக்கிறது, துறைமுகம் இருக்கிறது. சுழலுகிற மெசின் இருக்கிற இடத்தில் எல்லாம் தேய்ந்த சாப்டுக்கு ஒரு கடைசல்காரன் வேண்டும். ஜேர்மன்காரரின் உதவியில் கிளிநொச்சியில் 2016இல் ஒரு பயிற்சி நிறுவனம் திறந்தார்கள், நல்ல விஷயம். ஆனால் மூதூரில் இருந்தும் கிண்ணியாவில் இருந்தும் ஒரு பிள்ளை அவ்வளவு தூரம் போய் அறை எடுத்துத் தங்கிப் படிக்க, அந்தப் பிள்ளை பெண்பிள்ளையாக இருந்தால், எத்தனை வீட்டில் விடுவார்கள்? விமானத்துக்கு ஒயர் கட்டும் வேலையில் பெண்களின் கை எவ்வளவு நேர்த்தி என்று நான் கண்ணால் பார்த்தவன்.

உங்கள் பத்திரிகையை நாங்கள் அப்பா காலத்தில் இருந்து வாங்குகிறோம். பெறுபேறு வரும் கிழமையில் ஒன்பது ஏ எடுத்த பிள்ளைகளின் படம் பக்கம் பக்கமாக வரும். போட வேண்டும்தான், அந்தப் பிள்ளைகளும் கஷ்டப்பட்டவர்கள். என்.வி.கியூ. நாலு எடுத்த ஒரு பிள்ளையின் படத்தை இத்தனை வருடத்தில் ஒரு தரம் போட்டிருப்பீர்களா? மூன்று வருடத்துக்கு முன் இதையே கேட்டு எழுதினேன். அந்தக் கடிதம் பத்திரிகையில் வரவில்லை. இடம் இருந்திருக்காது என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன், ஆனாலும் மனம் நொந்தது.

சரி, நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. தொழிற்பயிற்சிக்கு விண்ணப்பம் கோரும் அறிவித்தல்கள் முடிவு திகதிக்கு முதல் நாள்தான் உங்கள் பத்திரிகையில் எங்கள் கண்ணில் படுகின்றன. மூதூர்ப் பிள்ளை படிவம் எடுக்க வரவே அன்றைக்குள் முடியாது. இரண்டு கிழமைக்கு முன், கல்விப் பக்கத்தில், என்ன பயிற்சி, எந்த மொழியில், எத்தனை மாதம், விடுதி உண்டா என்று தமிழில் தெளிவாகப் போடுங்கள். அறிவித்தல் பிந்தித்தான் உங்களுக்கு வருகிறது என்றால் அதை அனுப்புகிறவர்களிடம் கேளுங்கள், நாங்கள் கேட்டால் பதில் வராது, நீங்கள் கேட்டால் வரும்.

அந்தக் கட்டுரையை எழுதியவர் திருகோணமலைப் பக்கம் வந்தால் பாலையூற்றில் என் பட்டறைக்கு ஒரு தரம் வரச் சொல்லுங்கள். அப்பாவின் அரமும் மூலைமட்டமும் இன்னும் இருக்கின்றன. சனிக்கிழமை காலையில் மூன்று பிள்ளைகள் பழக வருகிறார்கள், அதில் ஒருத்தி பொறியியல் பீடத்துக்குத் தெரிவாகி, போவதற்கு முன் கடைசல் பழக வேண்டும் என்று தானாகக் கேட்டு வந்தவள்.

இப்படிக்கு,
பழைய வாசகன்,
பாலையூற்று, திருகோணமலை.