ஏரிக்கரையில் எங்களை நிம்மதியாகக் குடிவைத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

பணி ஓய்வுக்குப் பிறகு ஏரிக்கரை ஊரில் சிறிய வீட்டோடு நிம்மதியாக இருக்கும் எங்களைப் பார்த்து, "கொடுத்து வைத்தவர்கள்" என்கிறார்கள். அந்த நிம்மதிக்குப் பின்னால் உங்கள் கைவேலையும் புத்திமதியும் இருப்பதை ஊரறியச் சொல்லவே இந்த மடல்.

முதல் நன்றி, பெரிய வீட்டைக் காலிசெய்யத் தோள்கொடுத்த பிள்ளைகளுக்கும் மருமக்களுக்கும். பரணிலும் ஸ்டோர் ரூமிலும் ஆரம்பித்து, போட்டோக்களையும் கடிதங்களையும் கடைசிக்குத் தள்ளினீர்கள். ஆல்பத்தைப் புரட்ட உட்கார்ந்துவிட்டால் அன்றைக்கு ஒரு பெட்டிகூட நகராது என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தது. புது வீட்டின் அறைகளை அளந்து, ஒரு மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் என்ற கணக்கில் கட்டத்தாளில் வரைந்தீர்கள். கட்டில், பீரோ, மேசை எல்லாவற்றையும் அதே அளவில் காகிதத்தில் வெட்டி அதன்மேல் வைத்துப் பார்த்தீர்கள். நடக்க 90 சென்டிமீட்டர் வழி விட்ட பிறகு இடம் கிடைக்காத எதுவும் லாரியில் ஏறவில்லை. முடிவெடுக்க முடியாத சாமான்களைப் பெட்டியில் போட்டு ஒட்டித் தேதி எழுதி, ஆறு மாதம் தேடப்படாவிட்டால் பிரிக்காமலே கொடுத்துவிடலாம் என்ற ஏற்பாடும் உங்களுடையதுதான். பிரித்துப் பார்த்தால் பாதி திரும்ப உள்ளே வந்துவிடும்!

குளியலறையில் கைப்பிடிக் கம்பி பொருத்திய தச்சருக்குத் தனி வணக்கம். டைல்ஸில் ஒட்டும் ரப்பர் உறிஞ்சிக் கைப்பிடியை வைக்க அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை. காற்று மெல்லப் புகுந்தால் அது பார்க்க இறுக்கமாகவே இருக்கும், ஆள் வழுக்கி எடை விழும் நொடியில்தான் கழன்றுவரும். பலகைச் சுவரைத் தட்டிப் பார்த்து, பின்னால் மரச்சட்டம் ஓடும் இடத்தைக் கண்டுபிடித்து, அந்தச் சட்டத்துக்குள் இறங்கும் நீளமான துருப்பிடிக்காத திருகுகளைப் போட்டார். டைல்ஸ் விரியாமலிருக்க டிரில்லில் சுத்தியல் விசையை அணைத்து, வைர முனையில் தண்ணீர் விட்டு மெதுவாகத் துளைத்தார். துளையைச் சுற்றி நீர் புகாத சிலிக்கோன் பசை பூசினார். பூசாமல் விட்டால் உள்ளே கசியும் நீர் சட்டத்தையே உளுக்கச் செய்துவிடும்.

செப்டிக் டேங்க் வேலை செய்கிறவர்களுக்கு யாரும் பொதுவில் நன்றி சொல்வதில்லை. எங்களைக் கேட்டால் ஏரிக்கரை வாழ்க்கையே அவர்கள் கையில்தான் இருக்கிறது. பாதாளச் சாக்கடை வராத கரைகளில் ஒவ்வொரு வீட்டுக்கும் சொந்தத் தொட்டி. அடியில் கசடு படியும், மேலே எண்ணெய்ப் படலம் மிதக்கும், நடுவிலுள்ள நீர் மட்டும் வெளியேறி, வடிகால் என்று சொல்லும் நிலப்பகுதியின் மண்ணுக்குள் வடியவேண்டும். அளவுகோலை இறக்கிக் காட்டி நீங்கள் சொல்லித்தந்த கணக்கு இது: கசட்டின் மேல்மட்டம் வெளியேறும் குழாய்க்கு 30 சென்டிமீட்டருக்குள் வந்தாலோ, மிதக்கும் படலத்தின் அடி அந்தக் குழாயின் அடிமுனைக்கு 15 சென்டிமீட்டருக்குள் இறங்கினாலோ உடனே உறிஞ்சி எடுக்கவேண்டும். சாதாரணமாக 3 முதல் 5 ஆண்டுக்கு ஒருமுறை வரும் செலவு. தள்ளிப்போட்டால் கசடு வடிகால் மண்ணின் துளைகளை அடைத்துவிடும். அதன்பிறகு தொட்டியை எத்தனை முறை காலிசெய்தாலும் மண் திறக்காது, வடிகாலையே தோண்டி மாற்றவேண்டியதுதான்.

விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வரும்போது துணி துவைப்பதை வாரம் முழுக்கப் பிரித்துவைக்கச் சொன்னதும் நீங்களே. ஒரே நாளில் தண்ணீர் பாய்ந்தால் படிந்த கசடு கலங்கி வெளியேறும். ஈரத் துடைப்புத் தாளை, கழிப்பறையில் போடலாம் என்று உறையில் அச்சிட்டிருந்தாலும் போடவேண்டாம் என்றீர்கள். வடிகால் மேல் கார் நிறுத்தினால் மண் இறுகிவிடும் என்பதும் உங்களிடம் தெரிந்துகொண்டதே. வடிகால் கெட்டால் அதிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரசும் ஏரிக்குப் போய்ப் பாசிக்கு உரமாகின்றன. நாம் குளிக்கும் தண்ணீர்தானே அது.

அந்தப் பாசியை அடையாளம் காணச் சொல்லித்தந்த நீர்ப் பரிசோதனை ஊழியர்களுக்கு நன்றி. ஒரு குச்சியை விட்டுத் தூக்கினால் நூல் நூலாகத் தொங்குவது பெரும்பாலும் தீங்கில்லாத பச்சைப் பாசி. பெயின்ட் கொட்டியதுபோல் குச்சியில் பூசிக்கொண்டால் அது நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம், நாயைக்கூட இறக்கக்கூடாது. நஞ்சு இருக்கிறதா என்பதை ஆய்வகம்தான் சொல்லமுடியும், அதனால் சந்தேகம் வந்தாலே கரையில் நின்றுவிடுவது நல்லது. கொதிக்கவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. பாசிச் செல்கள் உடைந்து இன்னும் அதிகமாக நீரில் கலக்கும். பெருமழைக்குப் பின் ஒரு நாளாவது, முடிந்தால் இரண்டு நாள், நீரில் இறங்காமலிருக்கச் சொல்லும் உங்கள் பலகையையும் மதிக்கிறோம். தெருக் கழிவெல்லாம் அப்போதுதான் ஏரியில் சேர்கிறது.

கரையில் காவலிருக்கும் உயிர்காப்பாளர்களே, வெயில் சுள்ளென்று அடித்தாலும் குளிக்கும் பருவத் தொடக்கத்தில் ஏரி நீர் 15 டிகிரிக்குக் கீழே இருக்கலாம் என்று ஓயாமல் எச்சரிக்கிறீர்கள். திடீரென்று குதித்தால் முதல் நிமிடத்தில் மூச்சு திணறும், ரத்த அழுத்தம் ஏறும். இதய நோய் உள்ளவர்களுக்கு அது பெரிய ஆபத்து. படிப்படியாக இறங்கவும், திணறினால் நீந்தப் போராடாமல் மூச்சு சீராகும்வரை மல்லாந்து மிதக்கவும் பழக்கினீர்கள்.

மருந்துக்கடை நண்பருக்கும் ஒரு வார்த்தை. ரத்த அழுத்தத்துக்குத் தரும் ஹைட்ரோகுளோரோதயசைடு, கிருமிக்கு எதிரான டாக்சிசைக்ளின் போன்றவை வெயிலில் தோலை எளிதில் கருக்கும் என்று நீங்கள் சொன்னதால், பலர் கரைக்கு நீளக்கை சட்டையோடு போகிறார்கள்.

செப்டிக் டேங்க் நண்பர்களே, தொட்டி மூடி எங்கே, மெயின் வால்வு எங்கே, கடைசியாக எப்போது காலிசெய்தது என்று நீங்கள் வரைந்துகொடுத்த ஒற்றைத் தாளை மாதிரியாக வைத்து, புதிதாகக் குடிவருகிறவர்களுக்கும் அவரவர் வீட்டுக்கு ஒன்று வரைந்து கொடுத்துவருகிறோம். அதில் வேறு எதையாவது சேர்க்கவேண்டுமானால் தயங்காமல் சொல்லுங்கள்.

நன்றியுடன்,
ஏரிக்கரை ஓய்வுபெற்றோர்